கசிந்தது என்பதாலேயே உண்மையாகிவிடாது

'இரகசியம்' என்ற முத்திரையோடு ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், பல்லேகலவில் எங்கள் அயலில் அதைச் சந்தேகிப்பவர் குறைவு. மறைத்து வைத்திருந்தார்கள், ஆகவே உண்மை என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. அதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டாம். கண்டியைத் தாண்டினால் பேராதனைப் பூங்கா.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டன் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து அங்கே கொண்டுவந்தார். அந்தக் கட்டளையின் கீழ் 'டி டிவிஷன்' என்றொரு பிரிவு இயங்கியது. எதிரியின் கையில் பொய்யைச் சேர்ப்பதே அதன் வேலை. தலைவர் பீட்டர் ஃபிளெமிங், ஜேம்ஸ் பொண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கின் அண்ணன்.

"எந்த அரசாவது தன் இரகசியத்தைத் தானே வெளியே விடுமா?" விடும். 1942இல் பிரித்தானியப் படை பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது, ஐராவதி ஆற்றை ஒட்டி ஒரு காரை விபத்தில் சிக்கியதுபோல் கவிழ்த்து, தளபதி வேவலின் பையை ஃபிளெமிங் அதற்குள் விட்டுவந்தார். இந்தியாவின் பாதுகாப்பு இருந்ததைவிட வலுவானது என்று காட்டும் தாள்கள் அதில் இருந்தன.

"பொய்யென்றால் இத்தனை சரியான விவரங்கள் இருக்குமா?" இருந்தே ஆக வேண்டும். 1941இல் சுபாஷ் சந்திர போசை காபூலுக்கு அழைத்துப்போன பகத் ராம் தல்வாரை ஜெர்மனியர் தங்கள் உளவாளியாக நம்பினார்கள். அவர் வழியாகப் போன பொய்ச் செய்திகளை ஃபிளெமிங்கின் ஆட்கள் தயாரித்தார்கள். போசுடன் போனவர் என்ற உண்மையே அந்தப் பொய்களுக்குப் பிணை நின்றது.

"எதிரி என்ன முட்டாளா?" என்பது மூன்றாவது கேள்வி. இதற்கான பதில்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வேவலின் பை ஜப்பானியரை ஏமாற்றியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கிடைக்கும் துணுக்குகளைச் சேர்த்து முடிவுக்கு வரும் பழக்கம் ஜப்பானிய உளவுத்துறைக்குப் போதாது என்பதே ஃபிளெமிங்கின் குறை. 1943இல் ஸ்பெயின் கரையில் ஒதுங்கும்படி பிரித்தானியர் விட்ட சடலத்தோடு கிடைத்த பொய்க் கடிதங்களை ஜெர்மனியரோ நுணுக்கி ஆராய்ந்தார்கள். ஆராய்ந்து, கிரேக்கத்துக்குப் படை அனுப்பினார்கள். நேச நாடுகள் இறங்கியது சிசிலியில். புள்ளிகளை இணைக்கத் தெரிந்தவரைத்தான் இந்த வலை எளிதாகப் பிடிக்கிறது.

அதற்காகக் கசிவெல்லாம் நாடகம் என்பாரோடும் என்னால் சேர முடியாது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலை முன்கூட்டியே எச்சரித்த, 2019 ஏப்ரல் 11 தேதியிட்ட பொலிஸ் கடிதம், தாக்குதல் நடந்த அன்றே வெளியே வந்தது. எச்சரிக்கைகள் வந்திருந்ததை மறுநாள் அரசாங்கப் பேச்சாளரே ஒப்புக்கொண்டார். தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் பக்கத்துத் திகண எரிந்தபோது கைபேசி வழி வந்த வதந்திகள் என்ன செய்தன என்று நாம் பார்த்தோம். அடுத்த 'இரகசியக் கடிதம்' வரும்போது யார் எழுதினார், யாருக்கு எழுதினார், பெற்றவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். தெரியும்வரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.