தூரமும் பிரயாண காலமும்

ஆகாய விமானம் தோன்றிய பின்னர் மனிதன் தூரத்தை வென்றுவிட்டான் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இக்கூற்று முற்றும் மெய்யன்று என்பதே நமது கொள்கை. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையேயுள்ள ஆகாய மார்க்கமே இதற்குத் தக்க சான்றாகும்.

பூகோள உருண்டையின்மீது இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களையும் ஒரு நூலால் இணைத்து இழுத்துப் பிடித்தால், அந்நூல் ருஷியாவின் ஸைபீரியப் பிரதேசத்தின்மேல் செல்லும். அதன் நீளம் ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் அதனைக் கடக்கும். எழும்புதற்கும் இறங்குதற்கும் ஆகும் நேரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்பதரை மணியாகும். கணக்கு எளிதே.

ஆயினும், 1983-ஆம் ஆண்டில் பின்லாந்தின் பின்னேர் கம்பெனியார் இம்மார்க்கத்தில் இடைநில்லா விமானம் விடத் தொடங்கியபோது, ஸைபீரிய ஆகாயம் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. ஆதலின் விமானம் வட துருவத்தின் வழியாக வந்து, பேரிங் ஜலசந்தியைக் கடந்து ஜப்பானை அடைந்தது. அதற்குச் சென்ற நேரம் ஏறக்குறைய 13 மணி. பிற்காலத்தில் ஸைபீரிய வழி திறக்கப்பட்டு, ஒன்பதரை மணிப் பிரயாணம் கைகூடிற்று.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ருஷியா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷிய விமானங்களுக்குத் தங்கள் ஆகாயத்தை அடைத்தன. ருஷியாவும் பதிலுக்கு அடைத்தது. மார்ச்சு மாதத்தில் டோக்கியோ விமானம் மறுபடியும் துருவ வழியே புறப்பட்டது; மறுபடியும் 13 மணி! முப்பத்தொன்பது ஆண்டுகளில் விமானம் எவ்வளவோ திருந்தியும், பிரயாணியின் நேரம் பழைய நிலைக்கே திரும்பிற்று. நிலையங்களிரண்டும் ஓரங்குலமும் நகரவில்லை. இடையிலிருந்த இணக்கமே அகன்றது. மிகுதியாக எரிந்த எண்ணெயின் செலவோ போரில் யாதொரு பங்குமில்லாதவர் தலையிலும் விழுந்தது.

தன் நிலத்திற்கு மேலுள்ள ஆகாயத்தின்மீது ஒவ்வொரு நாட்டிற்கும் முழு உரிமை உண்டென 1944-ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை கூறுகின்றதே என்று சிலர் வினவலாம். அவ்வுரிமையை நாம் மறுப்பவரல்லேம். அடாத படையெடுப்பைக் கண்டிக்க நஷ்டமேற்பதும் சில வேளைகளில் கடமையே. ஆனால் விஞ்ஞானம் ஒன்றே உலகத்தைச் சுருக்கிவிடும் என்னும் நம்பிக்கை தகாதென்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் விரைந்து செல்லும் விமானங்களை இயற்றக்கூடும். அது போற்றத்தக்க பணியே. எனினும், அயல்நாட்டார் மொழியையும் சரித்திரத்தையும் கற்று, அவர்களோடு நியாயமாக உடன்பாடு செய்ய வல்லவரும் நம்மிடையே தோன்றல் வேண்டும். ஒன்பதரை மணிப் பிரயாணம் பொறியாளரும் அவர்களும் கூடி இயற்றியதேயன்றிப் பொறியாளர் மட்டும் இயற்றியதன்று.