மருத்துவ மின்னேடு யாருக்காக?

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கு கூறுகளை உடையது என வகுத்துக் காட்டினார் வள்ளுவர். இன்று இந்நான்கிற்கும் நடுவே கணிப்பொறியும் வந்து அமர்ந்துள்ளது. அது இவர்களுள் யாருக்குப் பயன்படுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் இல்லம் தேடி வரலாயின. அதே ஆண்டு செப்டம்பரில் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கியது. விரும்புவோர் 14 இலக்க நலவாழ்வு எண்ணைப் பெறலாம். எண் பெறுவது எளிதாயிற்று; ஏடு பயன்படுவதோ இன்னும் அரிதாகவே உள்ளது.

நம் உறவினரான முதியவர் ஒருவர் நீரிழிவுக்குச் சூளகிரியிலும், கண்ணுக்கு ஓசூரிலும், சிறுநீரகத்திற்குப் பெங்களூருவிலும் மருத்துவம் பெறுகிறார். மூன்றிடத்தும் கணிப்பொறி உண்டு. எனினும் மூன்றையும் இணைப்பது அவர் கையிலுள்ள மஞ்சள் பையே! சிறுநீரகத்திற்குக் கேடென ஓரிடத்தில் நிறுத்திய வலி மாத்திரையை வேறோரிடத்தில் மீண்டும் எழுதித் தந்தனர். பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்த மருமகளே அதனைத் தடுத்தார்.

கண் மருத்துவருக்கு விழியின் படம் வேண்டும். சிறுநீரக மருத்துவருக்குக் கிரியேட்டினின் அளவு மாதந்தோறும் ஏறியதா, இறங்கியதா என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எல்லார்க்கும் ஒரே படிவத்தை நீட்டினால், மருத்துவர் நோயாளியின் முகத்தை மறந்து கட்டங்களை நிரப்பிக் கொண்டிருப்பார். இதனை உணர்ந்தே ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், கண் மருத்துவத்திற்கென 'ஐஸ்மார்ட்' என்னும் மின்னேட்டைத் தானே உருவாக்கிக் கொண்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸீ, தம் நோயாளிகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதிவைத்தார். அவர் மறைவுக்குப் பின் அவை நூலாகத் தொகுக்கப்பெற்றுப் பல தலைமுறை மருத்துவர்க்குப் பயன்பட்டன. அடுத்தவர்க்குப் பயன்படுவதே நல்ல குறிப்பின் இலக்கணம்.

ஆதலின் மின்னேட்டின் முதற்பக்கத்திலேயே ஒவ்வாத மருந்தும், நிறுத்திய மருந்தும், நிறுத்தியதன் காரணமும் இடம்பெற வேண்டும். நோயாளியின் இசைவின்றிப் பிறர் அதனைத் திறத்தல் கூடாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், வீட்டார்க்குத் தரும் சுருக்கம் அவரவர் மொழியில் அமைதல் வேண்டும். கணிப்பொறி பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. அந்த மருமகள் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு பக்கத்தை முதலில் அவர்கள் ஆக்கித் தரட்டும் என்பதே நம் விழைவு.