மேடை உயர்ந்தது, மேசை எங்கே?

ஒரு தலைமுறை எதை நேசித்ததென்று அறிய, அது கட்டினவற்றைப் பாருங்கள். 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் இருவர்: சவரிராயன் ஜேசுதாசன் தமிழர், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்தியர். தங்கள் ஜெபாலயத்தை அவர்கள் திராவிடக் கோயிற்கலையின் சாயலில் எழுப்பினார்கள். ஆட்சி அந்நியருடையதாயிருந்த நாளில், கிறிஸ்து இம்மண்ணுக்கு அந்நியரல்லர் என்று அந்தக் கற்கள் சாட்சியிட்டன.

நம் கட்டடங்கள் எதற்குச் சாட்சியிடுகின்றன? குளிரூட்டிய அரங்கு, வண்ண விளக்கு, பின்சுவரை நிறைக்கும் எல்இடி திரை. திருவிருந்து மேசையோ இசைக்கருவிகளுக்கு வழிவிட்டு ஓரத்தில் நிற்கிறது. வெயிலில் வரும் முதியோருக்குக் குளிர்ச்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் திரையரங்கிலிருந்து கடன் வாங்கின வடிவம், ஆராதிக்க வந்தவர்களைப் பார்வையாளர்களாக்கி உட்கார வைக்கிறது. பாடுகிறவர்கள் மேடையில், நாம் இருட்டில்.

எழுத்தும் மாறிவிட்டது. வாசலிலுள்ள சலவைக்கல்லில் திருவசனத்துக்கு இரண்டு வரி, நன்கொடையாளர் பெயர்களுக்கு முப்பது வரி. இரண்டு காசு போட்ட விதவை இன்று வந்தால் அவள் பெயர் அங்கே ஏறாது. குறைந்தபட்சத் தொகையை முன்னமே நிர்ணயித்திருக்கிறோமே! பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்த சபையை யாக்கோபு கடிந்துகொண்டார். நாமோ அவன் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைக்கிறோம்.

நமது புதிய ஆலயத்தின் வரைபடம் இம்மாதக் கடைசி ஞாயிறு சபையார் முன் வைக்கப்படும். அதில் திருவிருந்து மேசை எங்கே, சக்கர நாற்காலி ஏறும் சரிவு எங்கே என்று முதலாவது தேடுங்கள். காணாவிட்டால் கையொப்பமிடாதிருங்கள்.