பிரிவதே முடிவானால்

விவாகம் முறிவதை மங்களகரமான காரியமென்று எவரும் கொண்டாட மாட்டார்கள். ஆயினும், சேர்ந்து வாழ்வது இனி அசாத்தியம் என்று தம்பதிகள் இருவருமே தெளிந்துவிட்ட பிறகு, அந்த முறிவை ஜன்மப் பகையாக்கி, வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1955ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் பெரும்பாலும் ஒருவருடைய தோஷத்தையோ தீராத வியாதியையோ நிரூபித்தாலன்றி விடுதலை அளிக்காததாக இருந்தது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரியலாம் என்ற 13-பி பிரிவு 1976ல்தான் அதில் சேர்ந்தது. பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கோ 1954ஆம் வருஷத்துச் சட்டமே அந்த உரிமையை அளித்திருந்தது. ஒரு வருஷம் பிரிந்திருந்து, இருவரும் சேர்ந்து மனுச் செய்து, ஆறு மாதம் கழித்தும் மனம் மாறாதிருந்தால் விடுதலை கிடைக்கும். நெடுங்காலம் பிரிந்திருந்து, சகல விஷயங்களையும் தீர்த்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017ல் சுப்ரீம் கோர்ட் கூறியது.

சம்மதமின்றி ஒருவரையொருவர் எதிர்த்து நடத்தும் வழக்கிலோ, என்றோ கோபத்தில் மாமியாரைச் சொன்ன சுடுசொல்லும், நள்ளிரவில் கைப்பேசியில் அனுப்பிய செய்தியும், படுக்கையறைச் சங்கதிகளுங்கூடச் சான்றாவணங்களாகி, அந்நியர் முன்னிலையில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகின்றன. அதன் பிறகு அந்த இருவரும் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் தந்தையாகவும் முகங்கொடுத்துப் பேசுவது எங்ஙனம்? ஜீவனாம்சம் மொத்தமாகவா மாதாமாதமா, சீர்வரிசை நகைகளில் எவை திரும்ப வேண்டும், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது, இந்தத் தீபாவளிக்குக் குழந்தை எந்த வீட்டில் என்பனவற்றையெல்லாம் அவர்களே உட்கார்ந்து எழுதிக்கொள்வது எத்தனையோ மேல்.

அடித்தும் மிரட்டியும் வாங்கிய கையெழுத்தைச் சம்மதமென்று நான் சொல்லவில்லை. தீர்ப்பாகும் வரையில் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991லேயே சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. கொடுமைக்கு ஆளான பெண் வழக்காடுவதே நியாயம்.

மற்றவர்களோ, வக்கீல் நோட்டீஸ் அனுப்புமுன் சமரச மையத்தை நாடட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அத்தகைய மையம் 2005 முதல் இயங்கி வருகிறது. மானம் போயிற்றென்று வழக்கைத் தூண்டிவிடும் பெற்றோர்களே, உங்கள் பேரக் குழந்தையை உத்தேசித்தாவது சற்று ஒதுங்கி நில்லுங்கள்.