நான்கு நிறங்களும் அங்கத்தினர் கடமையும்

இம்மாதம் என் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன், வங்கி அதிகாரி என்று தொலைபேசியில் பேசிய ஒருவனை நம்பி, ஒரு மாதச் சம்பளத்தை இழந்தேன். வெட்கத்தால் எவரிடமும் சொல்லவில்லை. இரு வாரங்களுக்குள் நம் சங்கத்து முதிய அம்மையார் ஒருவரும் அதே பேச்சுக்கு ஏமாந்தார். என் மௌனமும் அதற்கு ஒரு காரணமே.

நான் உத்தியோகம் பார்க்கும் ரயில்வேயில் இத்தகைய மௌனத்துக்கு இடமில்லை. தண்டவாளத்தில் அசாதாரணமான குலுக்கலை உணர்ந்த ஓட்டுநர் அதனை நிலையத்தாருக்கு அறிவித்தே தீரவேண்டும். பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை கிடைப்பது அதனால்தான்.

கணினி உலகமும் இப்பாடத்தைக் கற்றது. 1988 நவம்பரில் ‘மாரிஸ் புழு’ என்னும் நிரல், அமெரிக்கச் சர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிற்று. ஒருவர் கண்ட பரிகாரம் மற்றவருக்கு விரைவில் எட்டவில்லை. இத்தகைய அனுபவங்களின் பயனாக 1990-இல் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் சர்வதேச மன்றம் தோன்றியது. அரசாங்கம், வங்கி, தொழில், கல்வி எனப் பல துறைகளின் கணினிப் பாதுகாப்புக் குழுக்கள் அதில் அங்கம் வகிக்கின்றன. 2004 முதல் இயங்கிவரும் நம் நாட்டின் ‘செர்ட்-இன்’ அமைப்பும் அவற்றுள் ஒன்று. புதிதாகச் சேர விரும்பும் குழுவை, முன்பே உள்ள அங்கத்தினர் இருவர் பரிந்துரைக்க வேண்டும்.

தம் நஷ்டத்தைச் சொன்னால் மானம் போகுமே என்ற அச்சம் அவர்களுக்கும் உண்டு. ஆகவே, கைகாட்டி விளக்குகளைப் போலச் செய்திகளுக்கு நிறம் வகுத்துள்ளனர். சிவப்பு எனில், கேட்டவரோடு நிற்கவேண்டும். மஞ்சள் எனில், கேட்டவரின் ஸ்தாபனத்திலும் அதனைச் சார்ந்தோரிலும் அவசியமானவர்கள் மட்டும் அறியலாம். பச்சை எனில், அச்சமூகத்துக்குள் பரவலாம். நிறமற்றது எனில், உலகமே அறியலாம். சொல்பவரே நிறத்தைத் தீர்மானிப்பதால், துணிந்து சொல்ல முடிகிறது.

நம் சங்கத்திலும் இவ்வழக்கம் வரவேண்டும். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அறிவியுங்கள். பிறகு சங்கக் காரியதரிசியிடம் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாமென்றால் அவர் மறைத்து வைப்பார், ஏமாற்றிய விதத்தை மட்டும் மற்றவர்க்கு உரைப்பார்.

அந்த அம்மையாரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டேன். “முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் செய்தியை இன்று நிறமற்றதாக்கி உங்கள்முன் வைத்துவிட்டேன்.