காவலுக்குப் போனவர் கட்சிக்காரரானால்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது உடுக்கும் துணியன்று. இழைக்கும் இழைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விட்டு நெய்து, வெளுத்து, துண்டு போட்டு, சுருட்டி, பல தேசத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்படும் பேண்டேஜ் துணி. அது யாருடைய புண்ணைச் சுற்றப்போகிறது என்று தறிக்காரர் விசாரிப்பதில்லை. பிறர் நாட்டில் சமாதானம் காக்கப் புறப்படும் அரசுகளுக்கும் இந்த நிஷ்பட்சபாதம் இருந்திருந்தால் சென்ற நூற்றாண்டின் சரித்திரம் சற்று வேறுவிதமாக இருந்திருக்கும்.

நமக்கு ஒரு காலத்தில் அது இருந்தது. 1950-இல் கொரியாவில் யுத்தம் மூண்டு, அமெரிக்கத் தலைமையில் பல தேசத்துப் படைகள் ஐக்கிய நாடுகளின் கொடியோடு சென்றபோது, இந்தியா போர்ப்படை அனுப்ப மறுத்து, லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் ஒரு மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. 1953-இல் சண்டை ஓய்ந்தபின், தாயகம் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காக்கும் பொறுப்பை, போரிட்ட இரு தரப்பாரும் சம்மதித்து இந்தியப் படையிடம் ஒப்படைத்தனர். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் தம் மண்ணை மிதிக்கலாகாது என்று பிடிவாதம் பிடித்தமையால், நம்மவர் ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்டே காவலிடம் போய்ச் சேர்ந்தனர். அந்த அவமதிப்பையும் பொறுத்துக்கொண்டு, தளபதி திம்மையா தலைமை வகித்த நடுநிலை ஆணையத்தின்கீழ் காவல் புரிந்து, 1954-இன் தொடக்கத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினர்.

யாழ்ப்பாணத்தில் நடந்ததோ வேறு. 1987 ஜூலை 29-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியவர்களான விடுதலைப் புலிகள் கையெழுத்திடவில்லை. யாருடைய உரிமைக்காக அந்த ஒப்பந்தமோ, அந்தத் தமிழ் மக்களின் அபிப்பிராயமும் முறையாகக் கேட்கப்படவில்லை. அதை நிறைவேற்றச் சென்று, மாலையிட்டு வரவேற்கப்பட்ட இந்திய அமைதிப்படை, புலிகளோடு சண்டை மூண்டு, அக்டோபரில் அதே வீதிகளில் பீரங்கியோடு நின்றது. அம்மாதம் 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர், தாதியர், நோயாளிகள் எனப் பலர் மாண்டனர். உள்ளிருந்து தங்கள்மீது சுட்டார்கள் என்பது படையின் சமாதானம். அதை ஒப்புக்கொண்டாலும், வெள்ளை அங்கியோடு நின்றவர் எப்படி எதிரியானார் என்பதற்கு விடையில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரரும் அங்கே உயிர்விட்டனர். 1990 மார்ச்சில் எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தமிழக முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஏவிய இடத்துக்குப் போன சிப்பாயை நான் குறைகூறேன். ஏவியவர்களே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகத்தைப் போன்ற நம்மூர் வாசகசாலைகளில், வியட்நாமையும், இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணங்காட்டி 2003-இல் அமெரிக்கா படையெடுத்த ஈராக்கையும் பற்றிக் காரசாரமாகப் பேசுவார்கள். நியாயமான கோபந்தான். ஆயினும் அந்த அமெரிக்காவிலேயே, வியட்நாமில் பட்ட அடிக்குப்பின், 1973-இல், அதிபர் நிக்ஸனின் மறுப்பையும் மீறி ஒரு சட்டம் பிறந்தது. படையை மோதலில் இறக்கும் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸ் சபைக்கு அறிக்கை தரவேண்டும்; சபையின் அநுமதியின்றி 60 நாட்களுக்குமேல் சண்டை நீடிக்கலாகாது என்பது அதன் சாரம். அதிபர்கள் அதற்கு அடிக்கடி போக்குக் காட்டி வந்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்க அந்நாட்டுப் பிரஜைக்கு ஓர் ஆதாரமாவது இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. மந்திரிசபை தீர்மானித்தால் படை கப்பலேறிவிடும். நாடாளுமன்றம் அப்புறம் விவாதித்துக்கொள்ளலாம்.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. ஈழத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் விருதுநகர் மாவட்டத்து முகாம்களில் இன்னும் வசிக்கின்றன. ஆகவே, அயல்நாட்டுக்குப் படை அனுப்புமுன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் தனிநபர் மசோதா ஒன்றைத் தென்காசி உறுப்பினர் கொண்டுவர வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் வாசகர்கள் இதைக் கேட்க வேண்டுகிறேன்.