ஆள் பஞ்சமா, கூலிப் பஞ்சமா?

ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சொன்னால் பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போடுகின்றன. "இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று முழு வாக்கியத்தையும் சொல்லும் முதலாளியை நாம் பார்த்ததில்லை. விழுங்கப்படும் அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது பன்றி. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பன்றி வளர்த்துப் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள் நம்மிடையே இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இங்கிலாந்துப் பன்றிக்கும் மாட்டுங்கா லேபர் கேம்புக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் சிலர் கையில் ஏஜெண்டுகள் கொடுத்த தாள்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் துபாய், மஸ்கட் என்பார்கள். இப்போது ஐரோப்பாவில் "ஃபுட் பேக்டரி வேலை" என்றும் சொல்கிறார்கள். அந்த ஃபுட் பேக்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும் என்பதற்காகவே இவ்வளவும்.

2021-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கிலாந்தின் பன்றிப் பண்ணைகளில் நடந்ததை முதலில் பார்ப்போம். பன்றியின் சினைக்காலம் சுமார் 115 நாள். பிறந்த குட்டி ஏறத்தாழ ஆறு மாதத்தில் 110 கிலோ எடைக்கு வந்து கசாப்புக் கூடத்துக்குப் போகவேண்டும். ஆக, இன்று லாரி ஏறும் பன்றிக்கு முடிவு எடுத்தது பத்து மாதத்துக்கு முன்னால். கூடத்தில் கத்தி பிடிக்க ஆள் இல்லை என்று இன்று சேதி வந்தால், நாளைக்கே உற்பத்தியை நிறுத்தப் பண்ணைக்காரனால் முடியாது. மில்லில் தறியை நிறுத்துவது போல வயிற்றில் இருக்கும் குட்டியை நிறுத்த முடியுமா?

கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேகன் வந்து நின்றபின் கொடுத்த நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால் மணிக்கணக்கில் டெமரேஜ் ஏறும். பன்றிக்கும் டெமரேஜ் உண்டு. நிற்கும் ஒவ்வொரு நாளும் அது தின்கிறது, தீவனம் வாங்கியாக வேண்டும். தின்பதோடு வளர்கிறது. குறித்த எடைக்கு மேலே போனால் கொழுப்பு அதிகம் என்று சொல்லிக் கம்பெனி விலையைக் குறைக்கிறது. தாமதம் செய்தவன் கம்பெனி, அபராதம் கட்டுபவன் பண்ணைக்காரன். சரக்கை இறக்காத வியாபாரியை விட்டுவிட்டு அனுப்பியவனிடம் டெமரேஜ் வசூலிப்பதைப் போன்றது இது. ரயில்வேயில்கூட இப்படி ஒரு விதி கிடையாது.

தொழுவங்கள் நிரம்பின. அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு இடமில்லை. கடைசியில் நோய் நொடி இல்லாத பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்றார்கள். அப்படிக் கொன்றதை உணவுக்கு விற்க முடியாது. அப்புறப்படுத்தும் செலவும் வளர்த்தவன் தலையில்தான். 2022 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையில், இவ்விதம் அழிக்கப்பட்டவை சுமார் 35,000 என்று கணக்குச் சொல்லப்பட்டது. உணவு, விவசாயத் துறையின் 41 லட்சம் வேலைகளில் 2021 ஆகஸ்டில் 5 லட்சம் காலியாகக் கிடந்தன என்றும் அதே அறிக்கை கூறியது. கடைகளில் பன்றி இறைச்சிக்குத் தேவை இருந்தது, பண்ணையில் பன்றி இருந்தது, நடுவில் கை மட்டும் இல்லை.

அந்தக் கை யாருடையது? பிரிட்டனின் இறைச்சிக் கூடங்களில் பத்தில் ஆறு பேர் வெளிநாட்டார். பெரும்பாலோர் போலந்து, ருமேனியா போன்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2016 ஜூன் மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்று அந்நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். வெளியாட்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது அந்தப் பிரசாரத்தின் பெரும் பகுதி. இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? 1966 ஜூன் மாதம் இதே பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது "மதராஸி" என்ற சொல்லை எப்படி உச்சரித்தார்கள் என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். சரியாக ஐம்பது ஆண்டு இடைவெளி, அதே பாட்டு.

2021 ஜனவரி முதல் ஐரோப்பியர் தங்கு தடையின்றி வந்து வேலை செய்யும் உரிமை முடிந்தது. கொரோனாவில் ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பன்றியை மயக்கப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு வாயுவுக்குத் தட்டுப்பாடு, சீனாவுக்கு ஏற்றுமதியில் தடங்கல் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஆள் எடுக்கலாம் என்றால், விசா கேட்கும் கசாப்புத் தொழிலாளி ஆங்கிலப் பரீட்சை தேறவேண்டும் என்றது சட்டம். பன்றியின் முதுகெலும்பைப் பிரிக்க இலக்கணம் எதற்கு என்று நமக்கு விளங்கவில்லை. மெட்ரிக்கில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்கள் என்ற முறையில் அந்தப் போலந்துக்காரன் மீது நமக்கு அனுதாபம் உண்டு.

பண்ணைக்காரர்கள் தெருவுக்கு வந்து கூச்சல் போட்டபின், 2021 அக்டோபர் 14 அன்று அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது: 800 கசாப்புத் தொழிலாளருக்கு விசா, ஆறு மாதத்துக்கு மட்டும். ஆறு மாத வேலைக்காக எவன் ஊரையும் உறவையும் விட்டு வருவான்? வந்து கத்தியைத் தீட்டிப் பழகுவதற்குள் பெட்டியைக் கட்டவேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வரும் பேச்சே இல்லை. லீவு வேகன்சியில் போட்ட கலாசியைப் போல, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போ என்பதுதான் அதன் பொருள். "உன் கை வேண்டும், நீ வேண்டாம்" என்று சொல்வதை நாகரிகமான தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்த வேலைதான் எப்படிப்பட்டது? இறைச்சி வெட்டும் அறையைக் குளிரவைத்தே ஆகவேண்டும். ஐரோப்பிய விதிப்படி 12 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. ஈரத் தரையில் நின்றபடி, கொக்கியில் தொங்கி நகர்ந்து வரும் உடலில் ஒரே வெட்டை நாளெல்லாம் வெட்டவேண்டும். அந்த ஓட்டத்தின் வேகத்தை நிர்ணயிப்பவன் தொழிலாளி அல்ல. மணிக்கட்டும் தோளும் போய்விடும். பக்கத்தில் நிற்பவனின் கத்தி தன் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் ஆட்கள் சோம்பேறிகள், அதனால் வரவில்லை என்று எழுதுகிற கனவான்கள் ஒரு ஷிப்டு நின்று பார்க்கட்டும்.

இந்த நெருக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2020-ல் உலகமே கண்டது. அமெரிக்காவில் தென் டக்கோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் ஸ்மித்ஃபீல்டு கம்பெனியின் பன்றி இறைச்சி ஆலை இருக்கிறது. சுமார் 3,700 பேர் வேலை செய்த இடம். பல நாட்டு அகதிகளும் குடியேறிகளும் அதில் அடக்கம். கொரோனா பரவி, ஏப்ரல் மாதம் ஆலை மூடப்பட்டது. இதுபோல் பல ஆலைகள் மூடிய உடனே அயோவா, மின்னசோட்டா பண்ணைகளில் பன்றிகள் தேங்கின. விற்க வழியின்றிக் கொன்று புதைத்தார்கள். ஏப்ரல் 28-ல் அன்றைய ஜனாதிபதி டிரம்ப், இறைச்சி ஆலைகள் ஓடவேண்டும் என்று உத்தரவு போட்டார். தொழிலாளியின் உயிருக்கு அதே வேகத்தில் உத்தரவு வரவில்லை. சூ ஃபால்ஸ் ஆலையில் 1,294 பேருக்குத் தொற்று, நான்கு பேர் சாவு. தொழிற்பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 13,494 டாலர். நோய் கண்டவர் தலைக்குப் பத்து டாலர் சொச்சம் என்று நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

பண்ணைக்காரன் அழும்போது அவன் கோபம் யார் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பன்றி அறுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நான்கு கம்பெனிகள் கையில். பிரிட்டனிலும் சில பெரிய கம்பெனிகள்தான், அவர்களுக்கு மேலே சூப்பர் மார்க்கெட்டுகள். ஒருபக்கம் பண்ணைக்காரனுக்கு எடை பார்த்து விலையைக் குறைப்பவனும், மறுபக்கம் தொழிலாளிக்கு வேகத்தைக் கூட்டிக் கூலியைப் பிடிப்பவனும் ஒருவனே. கூலி உயர்ந்தால் பண்ணைக்காரன் செத்தான் என்று பயமுறுத்துகிறார்கள். கூலி உயராமல் ஆள் போனதால்தானே அவன் 35,000 பன்றியைக் கொன்றான்? அதற்காக விசாவே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். பிழைக்க வந்தவர்கள் நாம். இன்னொருவன் வரும் வழியை அடைக்கச் சொல்ல நமக்கு வாய் வராது. என்ன உரிமையோடு வருகிறான் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஜெர்மனி ஓரளவு பதில் சொன்னது. 2020 ஜூனில் ரேடா-வீடன்புரூக் என்ற ஊரில் டோனீஸ் கம்பெனியின் ஆலையில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று கண்டது. பலர் ருமேனியா, பல்கேரியாவிலிருந்து காண்டிராக்டர் மூலம் வந்தவர்கள். ஒரே வீட்டில் நெருக்கியடித்துக் குடியிருந்தவர்கள். ஆலைகள் முடங்கி, அவ்வாண்டு இறுதியில் பண்ணைகளில் லட்சக்கணக்கில் பன்றிகள் தேங்கின. ஜெர்மானியர் இதற்குப் "பன்றி நெரிசல்" என்று ஒரு சொல்லே வைத்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி முறை நமக்குத் தெரியுமே, அதன் ஐரோப்பியப் பதிப்புதான் அந்தக் காண்டிராக்ட். நாடே அதிர்ந்தபின் சட்டம் வந்தது: 2021 ஜனவரி 1 முதல் அறுப்பு, வெட்டு வேலைகளைக் காண்டிராக்டரிடம் விடக்கூடாது, கம்பெனி நேரடியாகவே ஆள் எடுக்கவேண்டும். ஐம்பது பேருக்குக் குறைவான சிறு கடைகளுக்கு விலக்கு. பல ஆண்டுகளாகத் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்க முடியாததை ஒரு கிருமி வாங்கிக் கொடுத்தது.

நம் வாசலுக்கு வருவோம். பாந்த்ராவில் கசாப்புக் கூடம் இருந்த காலத்தில், அதை ஒட்டித்தான் தாராவியின் தோல் பதனிடும் கூடங்கள் வளர்ந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அந்தச் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தார்கள். 1971-ல் கூடம் தேவ்னாருக்குப் போனது. 2015 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு காளை, எருதுகளை அறுப்பதையும் தடை செய்தது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. தேவ்னாரில் மாடு அறுத்த குரேஷி மக்கள் வேலை இழந்தார்கள். இது ஆள் பஞ்சமல்ல, ஆளை விரட்டிய கதை. ஆனால் விவசாயிக்கு விளைவு ஒன்றுதான். மராத்வாடாவில் வறட்சி, 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோன காலம் அது. மனிதனுக்கே தண்ணீர் இல்லாத ஊரில், உழ முடியாத எருதை விற்கவும் முடியாமல், தீவனம் போடவும் முடியாமல் குடியானவன் நின்றான். டெமரேஜ் அவன் கணக்கில் ஏறியது.

நம் நாட்டில் பன்றித் தொழிலும் சுருங்கி வருகிறது. 2012 கணக்கெடுப்பில் ஒரு கோடியே 3 லட்சம் பன்றிகள். 2019-ல் 90 லட்சம். 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்து அங்குள்ள ஏழைக் குடும்பங்களின் சேமிப்பை அழித்தது. இதற்கெல்லாம் பெரிய கம்பெனியும் இல்லை, விசாவும் இல்லை. இங்கே ஆளை அனுப்பிவைத்தது சாதி. அறுப்பதும் உரிப்பதும் செத்ததைச் சுமப்பதும் பிறப்பால் வந்த கடமை என்றார்கள். ஆகவே நூற்றாண்டுகளாக ஆள் பஞ்சமே வரவில்லை. 1927-ல் மகாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர், செத்த மாட்டைச் சுமக்காதே என்றபோதுதான் ஊர்க்காரர்களுக்கு முதல் முறையாக ஆள் பஞ்சம் தெரிந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் மாட்டுத் தோல் உரித்த நம் மக்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பதிலுக்கு சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீசின் முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் நம் மக்கள். வேலையை மறுக்கும்போதுதான் வேலைக்கு விலை இருப்பது மற்றவர்களுக்குத் தெரியவருகிறது.

இனி அந்தத் தாள்களைப் பற்றி. தம்பிமார்களே, அவர்களைப் பெற்ற தாய்மார்களே, போகவேண்டாம் என்று தடுக்க நமக்கு உரிமை இல்லை. நம் தாத்தா அப்படி யோசித்திருந்தால் நாம் இங்கே இல்லை. கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜெண்டு வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்பது முதல் கேள்வி. வேலை கொடுப்பவன் ஆலைக்காரனா, நடுவில் நிற்கும் காண்டிராக்டரா என்பதைத் தாளில் பெயரோடு பாருங்கள். அந்த ஆலையை விட்டு வேறு ஆலைக்கு மாற விசா இடம் கொடுக்குமா, அல்லது வேலை போனால் நாடும் போய்விடுமா? இருக்கும் அறைக்கு வாடகை சம்பளத்தில் பிடிக்கிறார்களா, எவ்வளவு? கத்தியில் கை போனால் வைத்தியம் யார் செலவு? தாலியை அடகு வைத்துக் கட்டும் பணத்துக்கு ரசீது உண்டா? வாய்ச்சொல்லில் எல்லாம் நிறைய இருக்கும். தாளில் இருப்பது மட்டும்தான் அந்த நாட்டில் செல்லும்.

தாள் ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ இருந்தால் பயந்து போட்டுவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம்.